நான்காம் அச்சம்: தமிழ்க் கிறித்தவ மரபில் அச்சம் வெல்லுதலும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அவற்றுள் நான்காவதாகிய ‘தம் இறை’ மேலாண்மை உடையவர்பால் கீழுள்ளவர் கொள்ளும் அச்சத்தைக் குறிக்கிறது. கிறித்தவ நம்பிக்கை வாழ்வின் இடர்களில் அச்சத்தை வெல்லத் துணைசெய்யும் முறையை இந்த நான்காம் நிலைக்களனை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. விவிலியக் கதைகள், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், தேவசகாயம் பிள்ளையின் வரலாறு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மிஷனரி வரலாறு ஆகியன சான்றுகளாகின்றன. நம்பிக்கை அச்சவுணர்வைத் துடைத்து எறிவதில்லை. யாருக்கு அஞ்சுவது என்பதை மாற்றி, அஞ்சியவரைத் துணையோடும் சொல்லோடும் சேர்க்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும். இம்முடிபு இன்றைய திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரத்தில் பொருத்திப் பார்க்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: அச்சம், மெய்ப்பாடு, இறை, அடைக்கலம், இரட்சணிய யாத்திரிகம், திருப்பெரும்புதூர், ஒரகடம், தொழிலாளர்.

முன்னுரை

‘அஞ்சாதே’ என்னும் சொல் விவிலியத்தில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. ஆபிரகாம், ஆகார், மரியாள், இடையர், கல்லறைக்குச் சென்ற பெண்கள் எனப் பலருக்கும் அது சொல்லப்படுகிறது. ஆலய மறையுரைகளிலும் செபக்கூட்டங்களிலும் துன்புறுவோர்க்கு முதலில் கிடைக்கும் ஆறுதலும் இச்சொல்லே. ஆயினும் இதை இருவகையாகப் பொருள்கொள்ள இயலும். ஒன்று, அஞ்சுவதற்கான காரணம் அப்படியே இருக்க, உள்ளத்தை மட்டும் அமைதிப்படுத்திக்கொள் என்பது. மற்றொன்று, அஞ்சுவதற்கான காரணத்தை நேர்நின்று காண உனக்குத் துணை உண்டு என்பது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, வேலையும் வருமானமும் உறைவிடமும் பிறர் கையில் இருக்கும் ஒருவருக்கு மிக முக்கியமானது.

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் எனத் தொடர்ந்து, தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வரை பரவியுள்ள தொழில்வட்டாரம் தமிழகத்தின் பெரும் உற்பத்திக் களங்களுள் ஒன்று. கார், கனரக ஊர்தி, டயர், கண்ணாடி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள்கள் எனப் பலவும் இங்கு உருவாகின்றன. வடமாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இளையோர் இவற்றில் பணிபுரிகின்றனர். கிறித்தவ நம்பிக்கை அச்சத்தை வெல்லும் என்னும் கூற்றை இத்தகைய சூழலில் வைத்துச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தமிழ் மரபில் அச்சம்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின்வழித் தோன்றும் என்பது மெய்ப்பாட்டியல் தரும் விளக்கம். அணங்கு என்பது கண்ணுக்குப் புலனாகாத ஆற்றல். விலங்கும் கள்வரும் வெளிப்படையான தீங்கு செய்வன. நான்காவதோ தன்மையில் வேறுபட்டது. விலங்கைக் கண்டால் விலகலாம்; கள்வரைக் கண்டால் ஓடலாம் அல்லது எதிர்க்கலாம். இறையை விட்டு விலக இயலாது. ஏனெனில் அஞ்சுபவரின் வாழ்வே அவரைச் சார்ந்து நிற்கிறது. காப்பவரே அச்சத்துக்கும் காரணமாவது இந்நிலைக்களனின் சிறப்பியல்பு.

‘இறை’ என்னும் சொல் அரசனையும் தலைவனையும் கடவுளையும் ஒருங்கே குறிப்பது. திருக்குறளில் இறைமாட்சி என்னும் அதிகாரம் அரசனின் தகுதிகளையே பேசுகிறது. அதே நூலின் தொடக்கத்தில் இச்சொல் கடவுளைச் சுட்டுகிறது. இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லுக்குள் அமைந்திருப்பது இக்கட்டுரைக்கு அடிப்படையானது. எந்த இறைக்கு அஞ்சுவது என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது.

வள்ளுவர் அச்சத்தை முழுவதுமாக விலக்கவில்லை. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்பது அவர் கருத்து. அதே வேளையில், வெருவந்தசெய்யாமை என்னும் 57ஆம் அதிகாரத்தில், குடிகள் அஞ்சும்படி நடந்துகொள்ளலாகாது என்னும் கடப்பாட்டை ஆள்வோர்மீது சுமத்துகிறார். அஞ்சுபவரின் மனத்தில் மட்டும் அச்சத்தின் காரணத்தைத் தேடாமல், அச்சுறுத்துபவரின் செயலிலும் அதைத் தேடும் பார்வை இது. அச்சத்துக்கு மருந்து தேடும் எந்தச் சமயமும் இவ்விரு பக்கங்களையும் கருத்திற்கொள்ள வேண்டியுள்ளது.

2. விவிலியத்தில் அச்சமும் அதன் மாற்றமும்

விவிலியத்தின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமம் உழைக்கும் மக்களின் அச்சத்தோடு தொடங்குகிறது. எகிப்தில் இசுரவேலர் செங்கல் அறுத்து, பார்வோனுக்காகப் பண்டகசாலை நகரங்களைக் கட்டுகின்றனர். அவர்களது ஆண்குழந்தைகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடுமாறு பார்வோன் இரண்டு மருத்துவச்சியர்க்குக் கட்டளையிடுகிறான். சிப்பிராள், பூவாள் என்னும் அவ்விருவரும் கடவுளுக்கு அஞ்சியதால் அக்கட்டளையை நிறைவேற்றவில்லை. அவர்கள் அச்சமற்றவர்கள் என்று நூல் சொல்லவில்லை. யாருக்கு அஞ்சினார்கள் என்பதையே சொல்கிறது. தொல்காப்பியரின் சொல்லில் கூறுவதானால், அச்சம் அங்கே மறையவில்லை. ‘தம் இறை’ மாறியிருக்கிறது. மேலும், எகிப்தின் மன்னனுக்குப் பெயர் சொல்லாத நூல், தம் தொழிலைச் செய்துவந்த இவ்விரு பெண்களின் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கிறது.

இறைவாக்கினர் எலியாவின் கதை இன்னொரு கூறை விளக்குகிறது. அரசி யேசபேலின் கொலைமிரட்டலுக்கு அஞ்சி அவர் பாலைவனத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரட்டும் என வேண்டுகிறார். அப்போது அவருக்கு அறிவுரை தரப்படவில்லை. உறங்கவிடப்படுகிறார், எழுப்பி உணவும் தண்ணீரும் தரப்படுகின்றன, மீண்டும் உறங்கவிடப்படுகிறார். அதன் பின்னரே உரையாடல் தொடங்குகிறது. தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக அவர் முறையிடும்போது, பாகாலுக்கு மண்டியிடாதோர் 7000 பேர் இருப்பது அவருக்கு உணர்த்தப்படுகிறது. உடற்களைப்பும் தனிமையும் அச்சத்தைப் பெருக்குவன என்பதையும், ஓய்வு, உணவு, துணை ஆகியன அதைத் தணிப்பன என்பதையும் இக்கதை நன்கு அறிந்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இயேசுவே அச்சத்தின் வாயிலுக்கு வருகிறார். கெத்செமனேயில் அவர் கலங்குகிறார்; துன்பக் கிண்ணம் விலக வேண்டும் என்று மன்றாடுகிறார்; உடனிருந்து விழித்திருக்குமாறு சீடர்களைக் கேட்கிறார். ஆகவே அச்சம் தோன்றுவதே நம்பிக்கைக் குறைவுக்கு அடையாளம் என்னும் கருத்துக்கு நற்செய்தி நூல்களில் இடமில்லை. முழுமையான அன்பு அச்சத்தைப் புறந்தள்ளும் என்பது யோவானின் முதல் திருமுகம் தரும் கோட்பாடு. அச்சத்துக்கு எதிர்நிலையாக அங்கு வைக்கப்படுவது வீரமன்று, அன்பு என்பது குறிக்கத்தக்கது.

3. அடைக்கலம்: இரு மரபுகள் சந்திக்கும் இடம்

ஸ்ரீபெரும்புதூர் எனவும் வழங்கும் திருப்பெரும்புதூர், தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே இராமாநுசரின் பிறப்பிடமாகப் புகழ்பெற்றது. அவர் 1017இல் பிறந்தார் என்பது வைணவ மரபு. அடைக்கலம் புகுதலை, அதாவது சரணாகதியை, வைணவத்தின் மையமாக நிலைநிறுத்தியவர்களுள் அவர் தலையாயவர். திருக்கோட்டியூரில் தாம் பெற்ற மறைபொருளை அவர் அனைவரும் கேட்குமாறு வெளிப்படுத்தியதைக் குருபரம்பரைக் கதைகள் போற்றுகின்றன. ஆசிரியரின் ஆணையை மீறினால் நரகம் புக நேரும் என்பதை அறிந்திருந்தும், பலர் உய்வடைவதற்காகத் தாம் ஒருவர் அதை ஏற்கலாம் என அவர் துணிந்ததாக அக்கதை கூறுகிறது. நான்காம் அச்சத்தைப் பிறர்பால் கொண்ட அன்பு வென்ற கதையாக அதைக் கொள்ளலாம்.

இந்த வைணவப் பின்புலத்திலிருந்தே தமிழ்க் கிறித்தவத்தின் பெருங்காப்பியங்களுள் ஒன்று பிறந்தது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர். 1858இல் கிறித்தவத்தைத் தழுவினார். ஜான் பனியன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்னும் உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் ‘நற்போதகம்’ இதழில் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாகியது. அது 5 பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. கிறித்தவக் கம்பர் என அவர் போற்றப்படுகிறார்.

கம்பரின் வீடணன் அடைக்கலப் படலம் இங்கு நினைக்கத்தக்கது. அடைக்கலம் வேண்டி வந்த வீடணனைப் பற்றி இராமனின் துணைவர் பலர் ஐயுறுகின்றனர். இராமனோ அவனை ஏற்பதோடு நில்லாமல் உடன்பிறந்தோருள் ஒருவனாகவும் எண்ணுகிறான். அடைக்கலம் என்பது காவல் பெறுவது மட்டுமன்று. உறவு பெறுவதும் ஆகும். இந்த மரபில் ஊறிய ஒருவர் கிறித்தவ மீட்பைத் தமிழில் பாடும்போது, அஞ்சியவர் தஞ்சம் புகுந்து உறவினராகும் இயக்கம் அதில் இயல்பாகவே வந்து சேர்கிறது.

4. யாத்திரிகரின் பாதையில் அச்சம்

பனியன் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரில், அனுமதியின்றி மறையுரை ஆற்றியதற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். மறையுரை ஆற்றுவதில்லை என உறுதியளித்திருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம். அவருக்கு மனைவியும் மக்களும் இருந்தனர். மூத்த மகள் பார்வையற்றவர். அவர்களின் பிழைப்புக்காகச் சிறையில் காலணி நாடாக்களுக்கு முனை கட்டி விற்றார். குடும்பத்தை எண்ணி அவர் அடைந்த கலக்கத்தை அவரது தன்வரலாறு மறைக்காமல் கூறுகிறது. 1678இல் வெளிவந்த அவரது கதையில் அச்சம் அடிக்கடி தலைகாட்டுவதில் வியப்பில்லை.

அக்கதையின் ஒரு நிகழ்ச்சி சிறப்பாகக் கருதத்தக்கது. யாத்திரிகன் ஏறிச்செல்லும் வழியில், இருவர் அஞ்சி எதிரே ஓடிவருகின்றனர். முன்னே சிங்கங்கள் இருப்பதாகச் சொல்லித் திரும்பிப் போய்விடுகின்றனர். யாத்திரிகனும் சிங்கங்களைக் கண்டு தயங்கி நிற்கிறான். அப்போது அருகிலிருந்த மாளிகையின் வாயிற்காவலர், அவை சங்கிலியால் கட்டப்பட்டுள்ளன எனவும், பாதையின் நடுவே நடந்தால் தீங்கில்லை எனவும் கூவிச் சொல்கிறார். சிங்கங்கள் உண்மையானவை, அவற்றின் முழக்கமும் உண்மையானது. அவன் நடுங்கியவாறே நடந்து கடக்கிறான். அவனுக்குக் கிடைத்தது சங்கிலியின் நீளம் பற்றிய செய்தி. அதை அறிந்த ஒருவர் குரல்கொடுத்ததால்தான் அவன் முன்னேற முடிந்தது. இறுதியில் சாவின் ஆற்றைக் கடக்கும்போதும் அவன் அஞ்சி மூழ்குகிறான். உடன்வரும் தோழன் அவன் தலையை நீர்மேல் தாங்கிப் பிடிக்கிறான். பயணம் முழுவதும் அச்சம் உடன்வருகிறது, துணையும் உடன்வருகிறது.

கிருஷ்ணபிள்ளை இக்கதைக்குப் புதிதாகச் சேர்த்தவற்றுள் முக்கியமானது இயேசுவின் பாடுகளைப் பற்றிய விரிவான பகுதி. பனியனின் யாத்திரிகன் வழியில் சிலுவையைக் காண்கிறான்; அங்கே அவன் முதுகிலிருந்த சுமை விழுகிறது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசு கைதுசெய்யப்பட்டு, ஏளனத்துக்கும் அடிக்கும் உள்ளாவதை நெஞ்சுருகப் பாடுகிறார். அவரைக் கட்டியது கயிறன்று, மக்கள்மீது அவர் கொண்ட அன்பே என்பது அங்கு அமைந்த கருத்து. யோவானின் திருமுகம் கோட்பாடாகச் சொன்னதைக் காப்பியம் காட்சியாகத் தருகிறது. அச்சுறுத்துவோர் கையில் இருப்பதாகத் தோன்றும் கயிற்றுக்கு உண்மையில் ஆற்றல் இல்லை என அது உணர்த்துகிறது.

இப்பகுதியில் இயேசு பொறுமையோடு மௌனமாக நிற்கிறார். இம்மௌனத்தை எல்லாச் சூழலுக்கும் உரிய விதியாகக் கொள்ளுதல் தவறான வாசிப்புக்கு இட்டுச்செல்லும். யோவான் நற்செய்தியில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, தாம் பேசியதில் தவறு எது, தவறில்லையெனில் அறைந்தது ஏன் என இயேசு வினவுகிறார். அடித்தவனுக்கு அவர் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் காரணம் கேட்கிறார். பொறுமையும் நியாயம் கேட்டலும் ஒருவரிடத்தே ஒருங்கே அமையலாம் என்பதற்கு இது சான்று.

5. வரலாற்றில் நான்காம் அச்சம்

இலக்கியம் காட்டும் இம்மாற்றம் தமிழக வரலாற்றிலும் நிகழ்ந்துள்ளது. திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த நீலகண்டபிள்ளை, பயிரிலும் கால்நடையிலும் அடுத்தடுத்து இழப்புகளைச் சந்தித்து மனம் சோர்ந்திருந்தார். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படையில் பணியாற்றிய டச்சுத் தளபதி டிலெனாய், அவருக்கு யோபுவின் கதையைக் கூறியதாக மரபு சொல்கிறது. அவர் 1745இல் தேவசகாயம் என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். அரசின் தண்டனைக்கு உள்ளாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் அஞ்சவேண்டியிருந்தது மெய்யாகவே ‘தம் இறை’க்குத்தான், அவர் பணிசெய்த அரசே அவரைத் தண்டித்தது.

தேவசகாயத்தின் கதை தனியொருவரின் துணிவைக் காட்டுகிறது. இன்றைய தொழில்வட்டாரம் அமைந்துள்ள பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறோ ஒரு மக்கள்திரளின் அச்சத்தைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த உழவுத் தொழிலாளர் மிராசுதார்களைச் சார்ந்து வாழ்ந்தனர். உழும் நிலமும் குடியிருக்கும் மனையும் ஒருவர் கையிலேயே இருந்தன. எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். இந்நிலையில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கவுடி முதலியோர், தம்மிடம் வந்த மக்களின் நிலம், மனை பற்றிய முறையீடுகளை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் இம்மக்களின் நிலை குறித்த அறிக்கையை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையே பஞ்சமி நிலம் எனப்படும் நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டதும் அதே 1891இல்தான்.

இம்மக்கள் மிஷனரிகளை நாடியதில் ஆன்மிகத் தேவையும் வாழ்வுத் தேவையும் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்தன. அதனாலேயே அவர்களது நம்பிக்கை பொய்யானது என ஒதுக்குவது பொருந்தாது. அஞ்சியவர்க்கு அடைக்கலம் தருவது என்பதன் பொருளே, அவர் அஞ்சும் காரணத்தையும் கேட்பதுதான். ஆயினும் சமயமாற்றம் எல்லா அச்சத்தையும் நீக்கிவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவத்தைத் தழுவிய ஒடுக்கப்பட்ட மக்கள் பட்டியல் சாதித் தகுதியைப் பெற இயலாது. திருச்சபைக்குள்ளேயும் தனிக் கல்லறை முதலிய சாதிப் பாகுபாடுகள் நீடித்ததைக் கிறித்தவரே கண்டித்துள்ளனர். உறவினராக ஏற்காத அடைக்கலம் பாதி அடைக்கலமே.

6. தொழில்வட்டாரத்தில் நான்காம் அச்சம்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை திருப்பெரும்புதூரில் இயங்கத் தொடங்கி, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் மாதச் சம்பளத்தைத் தந்தது. 2014 நவம்பர் 1 அன்று அது மூடப்பட்டது. பணியாளரின் உழைப்பில் குறையேதும் இல்லாதபோதும் வேலை மறையக்கூடும் என்பதை இவ்வட்டாரம் அப்போது அறிந்தது. நிரந்தரம், பயிற்சியாளர், ‘கான்ட்ராக்ட்’ எனப் பணிநிலைகள் பிரிந்து கிடக்கும் இடத்தில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்னும் வினா எப்போதும் உடனிருக்கிறது. ஊரில் வாங்கிய கடன், தங்கையின் படிப்பு, பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகியன அந்த வினாவின் எடையைக் கூட்டுகின்றன.

தொழிற்சாலைகளில் பணிபுரியும் வெளியூர்ப் பெண்கள் பலர் விடுதிகளில் தங்கி, ‘கம்பெனி பஸ்’ஸில் ‘ஷிப்ட்’டுக்குச் சென்று திரும்புகின்றனர். வேலையும் படுக்கையும் உணவும் ஒரே வழியாகக் கிடைக்கும்போது, ஒன்றைப் பற்றிக் குறைகூறினால் மற்றவையும் போய்விடுமோ என்னும் எண்ணம் எழுகிறது. வயலும் மனையும் ஒரே கையில் இருந்த பழைய நிலையோடு இது முழுதும் ஒத்ததன்று. இன்று சட்டமும் சம்பளமும் வெளியேறும் உரிமையும் உள்ளன. ஆனால் அச்சத்தின் அமைப்பு ஒன்றே: காப்பதும் கலங்கவைப்பதும் ஓரிடத்திலிருந்தே வருகின்றன.

2021 டிசம்பரில் நிகழ்ந்தது இதனை விளக்கும். சுங்குவார்சத்திரத்திலுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில், உணவு நஞ்சானதால் பலர் நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உடன் பணிபுரிந்த பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து, தம் தோழியர் எங்கே எனக் கேட்டனர். அதன்பின் தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளின் நிலை அரசின் கவனத்துக்கு வந்தது. 2022 ஜனவரியில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் அமைத்த, 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

சாலையில் அமர்ந்த அப்பெண்கள் பல சமயத்தினர்; அதை ஒரு சமய நிகழ்வாகக் கொள்ள இயலாது. ஆயினும் இக்கட்டுரையின் பொருளுக்கு அது நேரடியாகத் தொடர்புடையது. அவர்களை இரவில் சாலைக்கு அழைத்துவந்தது தம் வேலை பற்றிய அச்சத்தினும் வலியது. அது தோழியர்பால் கொண்ட அன்பு. அச்சத்தை அன்பு புறந்தள்ளும் என்னும் கூற்று அங்கு, யாரும் அதை மேற்கோள் காட்டாமலேயே நிகழ்ந்தது. வதந்தியால் பெருகிய அச்சத்தைத் தணிக்கவல்லதும் வெறும் அறிவுரையன்று. தோழியரைக் கண்ணால் காண்பதும் உண்மையை அறிவதுமே. சிங்கத்தின் சங்கிலியைப் பற்றிய செய்தியைப் போன்றது அது.

7. ஆறுதலைச் சோதிக்கும் அளவுகோல்கள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து, இடருற்ற தொழிலாளர்க்கு நம்பிக்கையின் பெயரால் தரப்படும் ஆறுதலைச் சோதிக்க நான்கு அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவது, அது அஞ்சுபவரைக் குற்றம் சாட்டுகிறதா என்பது. யோபுவின் நண்பர்கள் அவரது துன்பத்துக்கு அவரது பாவமே காரணம் என வாதிட்டனர். நூலின் இறுதியில் கடவுள் கண்டிப்பது முறையிட்ட யோபுவின் நண்பர்களையே. யோபு பேசியதைச் சரியெனக் கொள்கிறார். விசுவாசம் குறைந்ததால்தான் அஞ்சுகிறாய் எனத் தொழிலாளியிடம் கூறுபவர், அறியாமலேயே அந்நண்பர்களின் வரிசையில் சேர்கிறார்.

இரண்டாவது, அது உடலைக் கருதுகிறதா என்பது. இரவு ‘ஷிப்ட்’ முடித்து வந்தவருக்கு எலியாவுக்குக் கிடைத்தது போன்ற உறக்கமும் உணவும் தேவை. களைத்தவரிடம் நெடிய செபத்தை எதிர்பார்ப்பதினும், அவர் உண்டாரா எனக் கேட்பது விவிலியத்துக்கு நெருக்கமானது.

மூன்றாவது, அது துணையைத் தருகிறதா என்பது. வெளியூரிலிருந்து வந்தவர்க்கு ஞாயிறு வழிபாடு, ஊர்ப்பேச்சைக் கேட்கும் இடமாகவும், நோயுற்றால் தேடிவரும் மனிதரைப் பெறும் இடமாகவும் அமையலாம். வார விடுமுறை ஞாயிறன்று அமையாத பணியாளரை இவ்வாறு தேடிச்செல்லாத சபை, அவர்களைத் தனியே ஆற்றைக் கடக்க விடுகிறது.

நான்காவது, அது பேச்சைத் தருகிறதா என்பது. இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு பழுதுற்றிருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லவும், பிடித்தம் செய்த தொகைக்குக் கணக்குக் கேட்கவும், சட்டம் தந்த சங்க உரிமையைப் பயன்படுத்துவதா வேண்டாமா எனத் தாமே முடிவுசெய்யவும் ஒருவருக்குத் துணிவு பிறந்தால், அவரது நம்பிக்கை அச்சத்தை வென்றது எனலாம். செபித்த பின்னும் அதே தீங்கை வாய்திறவாமல் தாங்கும் நிலையே தொடருமானால், அங்கு அச்சம் அமைதி என்னும் பெயரைப் பூண்டுள்ளதா என ஆராய வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். மாற்ற இயலாத துன்பங்களும் உண்டு. தீராத நோய், விபத்தில் இழந்த கைவிரல், இறந்த பிள்ளை ஆகியவற்றின் முன் பேச்சு என்ன செய்யும் என வினவலாம். இது நியாயமான வினா. அத்தகைய இடத்தில் உள்ளத்தின் அமைதியே பெரும்பேறு. அதை நம்பிக்கை தருமாயின் அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் மாற்ற இயலாத துன்பத்துக்கு உரிய ஆறுதலை மாற்றக்கூடிய துன்பத்துக்குத் தருவது, மருந்தை மாற்றித் தருவதற்கு ஒப்பாகும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஆறுதல் சொல்வோரின் முதற்கடமை.

முடிவுரை

தமிழ் இலக்கண மரபு அச்சத்தின் நான்காம் நிலைக்களனாக வைத்த ‘தம் இறை’, இன்றும் உழைப்போர் வாழ்வில் வலுவாக நிற்கிறது. கிறித்தவ நம்பிக்கை அதற்குத் தரும் மறுமொழியை மூன்றாகத் தொகுக்கலாம். அஞ்சவேண்டிய இறை எது என்பதை அது மாற்றுகிறது. இதற்குச் சிப்பிராளும் பூவாளும் சான்று. அஞ்சியவரை அது உறவுக்குள் சேர்க்கிறது. இது இராமாநுசரின் ஊர் அறிந்த அடைக்கல மரபோடு ஒத்து, கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்தில் தமிழ் வடிவம் பெற்றது. உறவால் பிறக்கும் அன்பு நியாயம் கேட்கும் சொல்லைத் தருகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் முறையீடுகள் இதற்குச் சான்று.

இம்மூன்றும் சேர்ந்தபோதுதான் ‘அஞ்சாதே’ என்னும் சொல் முழுமை பெறுகிறது. அதைச் சொல்பவர் கேட்பவரின் அருகில் நிற்க வேண்டியிருக்கிறது. சிங்கத்தின் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதையும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஒவ்வொரு ‘ஷிப்ட்’ மாறும் வேளையிலும் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளையோரிடம் அச்சொல்லைக் கூற விரும்பும் சபைகளுக்கும் நல்லெண்ணம் உடையோர்க்கும் தமிழ்க் கிறித்தவ இலக்கியம் முன்வைக்கும் வேண்டுகோள் இதுவே.